என்ன ரேங்க்? எந்த ஃபெலோஷிப்?

2007இல் ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 12,000 ரூபாயானது. ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஆலையில் நின்ற என் அப்பா அதில் பாதியைக்கூட ஒரு மாதத்தில் பார்த்ததில்லை. உயிர் மருத்துவ ஆய்வுக்காக வடக்கே ஒரு நகரத்தில் சேர்ந்த எனக்கு அந்தத் தொகை கிடைக்கும் என்று தெரிந்ததும் தெருவுக்கே இனிப்பு கொடுத்தார். பணம் வருவதுதான் தாமதமானது. துறைத்தலைவர் கையெழுத்து, பதிவாளர் அலுவலக முத்திரை, பயன்பாட்டுச் சான்றிதழ் என்று ஒவ்வொரு மேசையிலும் காகிதம் தூங்கியது. வீட்டுக்குப் பணம் அனுப்புவேன் என்று சொல்லிவிட்டுப் போனவள், மெஸ் பாக்கி கட்ட அப்பாவிடமே கேட்டேன்.

இன்று நான் ஆய்வு மாணவர்களுக்குக் கைடாக இருக்கிறேன். 2023 முதல் ஜேஆர்எஃப் 37,000 ரூபாய். காகிதம் ஒழிந்து போர்ட்டல் வந்திருக்கிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஃபெலோஷிப் பெறும் என் மாணவி ஆய்வக வாசலில் நின்று சொல்கிறாள்: "மேடம், இந்த மாசமும் பெண்டிங்னுதான் காட்டுது."

வேறு துறையில் இருந்தால் மாலையில் டியூஷன் எடுத்துச் சமாளிக்கலாம். எங்கள் துறையில் அதற்கு வழியில்லை. செல் கல்ச்சருக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மீடியம் மாற்றியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் என்று செல்களுக்குத் தெரியாது. எலி குட்டி போடும் நாளும், மருந்து கொடுத்த எலியைப் பரிசோதிக்கும் நேரமும் நம் வசதிக்குத் தள்ளிப்போகாது. முழு நாளையும் ஆய்வகத்துக்குக் கொடுத்துவிட்டுப் பணத்துக்காகக் காத்திருப்பவருக்கு வேறு வருமானம் கிடையாது. வீட்டில் சேமிப்பு உள்ளவர் தாங்குகிறார். இல்லாதவர் கடன் வாங்குகிறார், அல்லது விட்டுவிட்டுப் போகிறார். அப்படிப் போனவர்களுக்கு "ஆர்வம் இல்லை" என்று துறைக் கூட்டங்களில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு வயிறு எரியும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஜேஆர்எஃப் இரண்டு ஆண்டு, அடுத்த நிலையான எஸ்ஆர்எஃப் மூன்று ஆண்டு, ஆக ஐந்து. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய ஆன்டிபாடிக்காக மாதக்கணக்கில் காத்திருந்து, அது வேலை செய்யாமல் போய், மறுபடி ஆர்டர் போட்டு, கட்டுரை எழுதி, திருத்தி அனுப்பி முடிப்பதற்குள் ஆறாவது ஆண்டு பிறந்துவிடும். அந்த ஆண்டுக்கு யார் பணம் தருவது? அன்றும் இதற்குப் பதில் இல்லை. இன்றும் பெரும்பாலும் அந்தந்தக் குடும்பம்தான் தருகிறது.

நான் சேர்ந்த புதிதில் சீனியர்கள் கேட்ட முதல் கேள்வி, நுழைவுத் தேர்வில் "என்ன ரேங்க்?" எண்ணைச் சொன்னதும் இடஒதுக்கீட்டில் வந்தவளா என்பதும் அதிலிருந்து சாதியும் தெரிந்துவிடும், அதற்குப்பின் பேச்சின் தொனி மாறும். இப்போது ரேங்க் கேட்பது நாகரிகமில்லை என்று பலருக்கும் தெரியும். அதனால், "எந்த ஃபெலோஷிப்?" என்று கேட்கிறார்கள். உதவித்தொகையின் பெயரிலேயே விடை இருக்கிறது.

இது என் அனுபவம் மட்டுமல்ல. எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழு 2007இல் அறிக்கை தந்தது. ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு கிடைப்பதில்லை என்று அந்த மாணவர்கள் சொன்னதை அது பதிவு செய்தது. ஆங்கிலத்துக்கும் பாடங்களுக்கும் கூடுதல் பயிற்சி வேண்டும் என்றது. ஒன்பது ஆண்டு கழித்து, 2016 ஜனவரியில், ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அங்கே முதலில் உயிர் அறிவியலில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தவர் அவர். ஏழு மாத ஃபெலோஷிப், 1,75,000 ரூபாய், தனக்கு வரவேண்டியிருக்கிறது என்பதைக் கடைசிக் கடிதத்தில் எழுதி வைத்திருந்தார்.

என்னைத் தாங்கிப் பிடித்தது எந்தத் திட்டமும் அல்ல, ஒரு தெலுங்கு சீனியர் அக்கா. தமிழ்வழியில் படித்த நான், ஆய்வுக் கட்டுரைகளை விவாதிக்கும் ஜர்னல் கிளப்பில் வாய் திறக்கவே நடுங்கினேன். இரவு ஜெல் ஓடி முடியும்வரை அவர் என்னை எதிரில் உட்காரவைத்து, கட்டுரையின் ஒவ்வொரு படத்தையும் விளக்கச் சொல்வார். தப்பாகச் சொன்னால், "இன்னொருவாட்டி சொல்லு" என்பார், அவ்வளவுதான். அவர் மட்டும் வேறு ஊரில் சேர்ந்திருந்தால் நான் இன்று இந்த வேலையில் இருந்திருக்க மாட்டேன். ஒரு மாணவியின் படிப்பு இப்படிப்பட்ட தற்செயலை நம்பி இருக்கக் கூடாது. அதனால் என் ஆய்வகத்தில் புதிதாக வருபவர்கள் கட்டுரையை முதலில் தமிழில் விளக்குவார்கள், பிறகு ஆங்கிலத்தில். இதற்கென்று வாரத்தில் ஒரு பிற்பகலை ஒதுக்கியிருக்கிறோம். கேள்வி கேட்கும் துணிச்சல் எப்படி வருகிறது என்பதை அங்கே கண்ணால் பார்க்கிறேன்.

கைடுகளாக இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மாணவருக்கு இந்த மாதப் பணம் வந்ததா என்று இன்றே கேளுங்கள். வரவில்லை என்றால், அலுவலகத்துக்கு அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். கடிதத்தை நீங்கள் எழுதுங்கள், உங்கள் பெயரில்.