குட்டி போடும் மரம்

கேள்வி: பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் படகோட்டி ஒருவர், “இந்த மரம் குட்டி போடும்” என்றார். வெளியூர்க்காரன் என்று கதை விட்டாரா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: அவர் சொன்னது அசல் தாவரவியல்! மற்ற மரங்கள் விதையை உதறிவிட்டு ‘உன் பாடு, மண் பாடு’ என்று இருந்துவிடும். அவர் காட்டிய சுரபுன்னை மரம் அப்படியல்ல. உப்புச் சேற்றில் விதை முளைப்பது கடினம். அதனால் விதை தாய்மரத்திலேயே முளைக்கிறது. முருங்கைக்காய் மாதிரி பச்சையாக நீண்டு மாதக்கணக்கில் தொங்குகிறது. தயாரானதும் விழும். தண்ணீர் வடிந்திருந்தால் சேற்றில் குத்தி நின்றுவிடும்; நிறைந்திருந்தால் மிதந்துபோய் வேறு கரையில் குடியேறும்.

பக்கத்து வீட்டு வெண்கண்டல் மரம் இன்னும் கெட்டி. வேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டி மூச்சு விடும். உடம்பில் சேரும் உப்பை இலை வழியே வெளியேற்றும். அந்த இலையை நாக்கில் வைத்தால் கரிக்கும்.

உதிரும் இலை நண்டுக்குச் சாப்பாடு. வேர்களின் இடுக்கு இறால், மீன் குஞ்சுகளுக்கு வாடகையில்லா வீடு. அவை வளர்ந்தபின் நமக்குக் குழம்பு!

அடுத்த முறை படகில் போகும்போது தொங்குவதை விளையாட்டாகப் பறித்துவிடாதீர்கள். அது காயல்ல, கைக்குழந்தை.