கணக்குப் பார்க்காதவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்

அனுப்புநர்:
ஊழியர் ஒருத்தி,
கண்ணாடிக் கட்டடம், எட்டாவது மாடி,
ஓஎம்ஆர், சென்னை.

பெறுநர்:
முனைவர் பட்டச் சேர்க்கைக் குழுவினர்,
பெயர் பெற்ற வணிகப் பள்ளி ஒன்று,
அமெரிக்கா.

பொருள்: பிஎச்டி சேர விரும்புதல் – வேலையை விட மனம் வராமை – இரண்டையும் ஒரே நோக்க அறிக்கையில் (எஸ்ஓபி) எழுத அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் விண்ணப்பப் படிவத்தில் ‘ஏன் பிஎச்டி?’ என்ற கேள்வி.

மதிப்பிற்குரிய பேராசிரியப் பெருமக்களுக்கு,



மேற்படி கேள்விக்கு இரண்டு பக்கம் இடம் விட்டிருக்கிறீர்கள். இரண்டு வரியில் முடிகிற விஷயம். ஆபீஸ் அலுத்துவிட்டது, மூளை கொஞ்சம் மிச்சமிருக்கிறது, நீங்கள் பணமும் கொடுத்துப் படிக்க வைக்கிறீர்கள். இதைத்தான் முதல் வரைவில் எழுதியிருந்தேன். நுங்கம்பாக்கத்தில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்பவர் அதைப் படித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். “மேடம், சின்ன வயசுலேர்ந்தே ஆராய்ச்சின்னா உயிர்னு ஆரம்பிங்க. சம்பளம்ங்கிற வார்த்தையே வரக்கூடாது. முக்கியமா, படிச்சு முடிச்சு மறுபடி கம்பெனிக்குப் போவேன்னு ஒரு வரி இருந்தாலும் அப்ளிகேஷன் அதோட காலி” என்றார். அவர் ஏதோ சொல்கிறார் என்று அங்கே படிக்கும் சீனியர்களிடம் கேட்டேன். எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். பேராசிரியர் ஆவேன், ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில்தான் ஆவேன், வேறெதுவும் ஆகமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டுமாம்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கொஞ்சம் குழப்பம். உங்கள் பள்ளியின் பெயரிலேயே வணிகம் இருக்கிறது. அங்கே படித்தவர் வணிகத்துக்குப் போய்விடுவாரோ என்று உங்களுக்கு ஒரு பயமும் இருக்கிறது. ‘படித்து முடித்தபின் நோயாளியைத் தொடமாட்டேன்’ என்று மாணவரிடம் எழுதி வாங்குகிற மருத்துவக் கல்லூரியை நான் இன்னும் பார்க்கவில்லை.

அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எம்பிஏ வகுப்பு நடக்கிறது. முன்னணிப் பள்ளிகளில் அந்த இரண்டு வருடத்துக்கு மொத்தச் செலவு இரண்டு லட்சம் டாலரைத் தாண்டுகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு முதல் பருவத்திலேயே நீங்கள் சொல்லித்தருவது என்ன? ஒன்றைத் தேர்ந்தால் இழப்பது எவ்வளவு, இன்றைய ரூபாய்க்கும் ஐந்து வருடம் கழித்து வரும் ரூபாய்க்கும் என்ன வித்தியாசம், போட்ட முதல் எப்போது திரும்பும். எம்பிஏ விண்ணப்பத்தில் இந்தக் கணக்கை எழுதினால் ‘தெளிவான இலக்கு’ என்று பாராட்டுவீர்கள். மேல்தளத்தில் பிஎச்டிக்கு வந்து அதே கணக்கை எழுதினால் ‘ஆராய்ச்சி ஆர்வம் போதாது’. எனக்குப் புரிந்த வரையில் விதி இதுதான்: உங்களுக்குப் பணம் கொடுப்பவர் கணக்குப் பார்க்கலாம், உங்களிடம் பணம் வாங்குபவர் பார்க்கக்கூடாது.

இருந்தாலும் பார்த்துவிட்டேன். மன்னிக்கவும், ஊர் வழக்கம்.

கல்விக் கட்டணம் கிடையாது. ஸ்டைபெண்ட் வருடத்துக்கு நாற்பதாயிரம் டாலர் வாக்கில். ரூபாயில் பெருக்கினால் அழகான எண் வருகிறது. உங்கள் ஊர் வீட்டு வாடகையை அதில் கழித்தால் அழகு குறைகிறது. என் மாமியாருக்கு வேறு சந்தேகம். “சம்பளம் குடுத்துப் படிக்க வைக்கிறாங்களா? எதுக்கும் நல்லா விசாரிச்சுக்கோம்மா, இப்பல்லாம் போன்லயே ஏமாத்துறாங்க” என்றார். என் கணவர் என்னோடு வந்தால் எஃப்-2 விசா. அதில் அவர் வேலை பார்க்க முடியாது. பத்து வருடமாக அவர் கட்டி எழுப்பிய வேலையும் என் கணக்கில் செலவுப் பத்தியில்தான் வருகிறது. எம்பிஏ விளக்கப் புத்தகங்களில் இந்தப் பத்திக்கு இடம் ஒதுக்கவில்லை. எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது தினமும் ஒதுக்குகிறோம்.

படிப்பு பெயரளவில் ஐந்து வருடம். ஆறு என்றும் சீனியர்கள் சொல்கிறார்கள், ஆனால் மெதுவான குரலில். இங்கே ஒரே கம்பெனியில் ஐந்து வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் கிராஜுவிட்டி. அங்கே அதே ஐந்து வருடம் அதே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் ‘டாக்டர்’. இடையில் இரண்டாம் வருட முடிவில் ஒரு தகுதித் தேர்வு. அதில் தவறினால் முதுகலைச் சான்றிதழ் ஒன்றைக் கையில் கொடுத்து அன்போடு வழியனுப்புவீர்கள். எங்கள் ஊர்க் கம்பெனிகளில் அதற்குப் பெயர் ‘பரஸ்பர ஒப்புதலுடன் விலகல்’.

வரவுப் பக்கத்தையும் மறைக்க மாட்டேன். எல்லாம் தாண்டி நிதித்துறையிலோ கணக்கியலிலோ உதவிப் பேராசிரியர் ஆகிவிட்டால் பெரிய பள்ளிகளில் தொடக்கச் சம்பளமே இரண்டு லட்சம் டாலரைத் தாண்டும். அதுவும் ஒன்பது மாதத்துக்கு. கோடைக்குத் தனி. அதனால் தயவுசெய்து இதைத் தியாகம் என்று மட்டும் சொல்லாதீர்கள். தியாகிகளுக்குக் கோடைச் சம்பளம் கிடையாது. ஒரு துறைக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று பேரைத்தான் எடுக்கிறீர்கள். அவர்களில் எத்தனை பேர் கடைசிவரை போனார்கள் என்று கேட்டால், போனவர்களின் பட்டியலை மட்டும் இணையதளத்தில் போடுகிறீர்கள். போகாதவர்கள் எங்கே? எங்கள் கம்பெனி விளம்பரங்களிலும் ராஜினாமா செய்தவர்கள் சிரித்துக்கொண்டு நிற்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் பிழைத்தவர்களை மட்டும் எண்ணுவது தவறு என்று பாடம் நடத்துகிறவர்கள்.

இனி என் ஆராய்ச்சித் தலைப்பு. நிஜமாகவே ஒன்று வைத்திருக்கிறேன். இந்திய வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தராவிட்டால், தரும் வருடம் வரை அதைச் செலவாகக் கணக்குக் காட்ட முடியாது. அப்போதைய வரையறைப்படி விற்றுமுதல் 50 கோடி ரூபாய் வரை சிறு நிறுவனம். அதைத் தாண்டினால் நடுத்தரம், இந்தப் பாதுகாப்பு இல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவர், அந்தப் பக்கம் நிற்பவர், இருவரையும் ஒப்பிட்டால் சட்டம் என்ன செய்தது என்று தெரிந்துவிடும். நீங்கள் விளக்குப் போட்டுத் தேடும் ‘இயற்கைச் சோதனை’ இதுதானே?

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் என் சித்தப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். “ஏன் அம்மிணி, இதுக்கு எதுக்கு அஞ்சு வருசம்?” என்றார். “சட்டம் வந்ததுமே பெரிய கம்பெனிக்காரன் போன் பண்ணீட்டான். சிறு நிறுவனம்னு வெச்சிருக்கற உத்யம் பதிவை ரத்து பண்ணீட்டு வாங்க, இல்லீன்னா ஆர்டர் வேற ஆளுக்குன்னு. நாப்பத்தஞ்சு நாள்ல பணம் வரோணும்னு சொன்னா சரக்கே வாங்க மாட்டான். இதை எழுதிக் குடு, டாக்டர் பட்டம் குடுக்கறாங்களான்னு பாப்போம்.”

கருதுகோள், காரணம், எதிர்பாராத பின்விளைவு எல்லாம் நூல் தூசிக்கு நடுவே நின்றுகொண்டு நான்கு வாக்கியத்தில் வந்துவிட்டன. நான் செய்யப்போவது, அது உண்மையா, எத்தனை பேருக்கு உண்மை, எந்தத் தொழிலில் பொய் என்று தரவை வைத்து நிறுவுவது. சித்தப்பாவுக்கு அவரிடம் வந்த ஒரு போன்தான் தெரியும். ஆயிரம் பேருக்கு வந்த போனைப் பற்றி அறிய ஆராய்ச்சி வேண்டும். இந்த வித்தியாசத்துக்காகத்தான் வேலையை விடலாமா என்று யோசிக்கிறேன். படிவத்தில் எழுத வேண்டிய உண்மையான பதில் இதுவே. ஆனால் ‘சின்ன வயசுலேர்ந்தே’ என்று தொடங்காததால் ஆலோசகர் அடித்துவிட்டார்.

உங்கள் தரப்பிலிருந்து ஒரு கேள்வி வரும் என்று சீனியர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ‘ஏன் இந்தியா?’ ஒஹாயோ மாநில நிறுவனங்களின் தரவை வைத்து எழுதியவரிடம் ‘ஏன் ஒஹாயோ?’ என்று யாரும் கேட்பதில்லையாம். அது உலகப் பொதுவாம். திருப்பூர் மட்டும்தான் ‘தனிச்சூழல்’. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி ஹார்வர்ட் 1993-ல் கேஸ் ஸ்டடி வெளியிட்டது. உங்கள் எம்பிஏ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். கீழ்த்தளத்துக்குப் போதுமான மதுரை, மேல்தளத்துக்கு வரும்போது மட்டும் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

சி.கே. பிரகலாத் என்று ஒரு மேலாண்மைப் பேராசிரியர் இருந்தார். கோயம்புத்தூரில் பிறந்தவர், லயோலாவில் இயற்பியல் படித்தவர். சென்னையில் யூனியன் கார்பைடு பேட்டரி ஆலையில் நான்கு வருடம் வேலை பார்த்தார். பிறகு அகமதாபாத் ஐஐஎம், அதன்பின் ஹார்வர்டில் 1975-ல் முனைவர். கடைசிவரை கம்பெனிகளுக்குள் போய்வந்துகொண்டே இருந்தார். ‘தொழில்துறைப் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டேன்’ என்று இன்று அவரை எஸ்ஓபி எழுதச் சொன்னால் எழுதியிருப்பாரா தெரியாது. எழுதியிருந்தாலும் அது பொய்யாகத்தான் இருந்திருக்கும்.

பொய் என்றதும் பரிந்துரைக் கடிதங்கள் நினைவுக்கு வருகின்றன. என் மேனேஜர் வருடா வருடம் அப்ரைசலில் என்னை ‘எதிர்பார்ப்புக்கு ஏற்ப’ என்ற கட்டத்தில்தான் உட்கார வைக்கிறார். கேட்டால், பெல் கர்வ் அப்படி என்பார். அதே மனிதர் உங்கள் படிவத்தில் நான் தலைசிறந்த இரண்டு சதவீதத்தில் இருப்பதாக டிக் அடித்திருக்கிறார். கடிதத்தை என்னையே எழுதித் தரச் சொன்னதால் நடை என்னுடையது. இரண்டு மதிப்பீட்டில் எதை நம்புவது என்பதைத் தங்கள் மேலான பரிசீலனைக்கு விடுகிறேன்.

படிவத்தின் கடைசியில், எழுதியதெல்லாம் உண்மை என்று கையெழுத்துக் கேட்டிருக்கிறீர்கள். கையெழுத்தை மேலேயே வாங்கிவிட்டால் மக்கள் குறைவாகப் பொய் சொல்வார்கள் என்று 2012-ல் ஒரு புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை சொன்னது. அதில் இருந்த தரவு இட்டுக்கட்டப்பட்டது என்று தெரிந்து 2021-ல் திரும்பப் பெறப்பட்டது. அதன் ஆசிரியர்களில் ஒருவரான ஹார்வர்ட் வணிகப் பள்ளிப் பேராசிரியரின் நிரந்தரப் பதவி, தரவைத் திருத்தியதாக எழுந்த குற்றச்சாட்டில் 2025-ல் பறிக்கப்பட்டது. அவர் மறுத்துவருகிறார். நேர்மையைப் பற்றிய ஆராய்ச்சிக்கே இந்த நிலை என்பதால் நான் கீழேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

விசா நேர்காணலில் இன்னொரு சத்தியம் இருக்கிறது. படித்து முடித்ததும் ஊர் திரும்புவேன் என்று அதிகாரி நம்ப வேண்டும். உங்களிடமோ அமெரிக்க ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆவேன் என்று சொல்லியாகிவிட்டது. இரண்டு சத்தியமும் ஒரே வருடத்தில், ஒரே வாயால். இரண்டாவது சத்தியத்தைக் காப்பாற்ற வேலை விசா வேண்டும். அந்த எச்1பி விசாவுக்கான புதிய விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் உங்கள் அதிபர் அறிவித்தார். அங்கேயே படித்துவிட்டு விசா மாறுபவர்களுக்கு அது பொருந்தாது என்று அடுத்த மாதமே விளக்கம் வந்தது. நான் பட்டம் வாங்கும் வருடத்தில் என்ன அறிவிப்பு வரும், அதற்கு என்ன விளக்கம் வரும் என்பதை எந்த எக்செல் கட்டத்தில் போடுவது என்று உங்கள் நிதித்துறையினர் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆகவே ஐயா, அம்மா, கருணைகூர்ந்து படிவத்தில் ஒரு கட்டம் சேருங்கள். ‘இந்த முடிவுக்கு நீங்கள் போட்ட கணக்கைக் காட்டவும்’ என்று அதற்குத் தலைப்பிடுங்கள். அதற்குப் பதிலாக, பாதியில் போனவர்களின் எண்ணிக்கையை நீங்களும் காட்டுங்கள். அந்தக் கட்டம் வரும்வரை, ஆராய்ச்சி என்றால் சின்ன வயதிலிருந்தே எனக்கு உயிர்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
விண்ணப்பதாரர்.

பி.கு.: இடம் கிடைத்தால் ஏப்ரல் 15 வரை யோசிக்க நேரம் தருவீர்கள் என்று அறிகிறேன். எங்கள் கம்பெனியில் இன்க்ரிமென்ட் கடிதம் வருவது அந்த மாதக் கடைசியில். ஒரு பதினைந்து நாள் கூட்டிக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும். நோட்டீஸ் பீரியட் 90 நாள்.