கொலையாளியை அறிந்தவரின் காத்திருப்பு

பழைய மர்மப் படங்கள் உயர்தெளிவு வட்டாக வெளிவருவதற்குக் காத்திருப்பவர், சினிமா ரசிகர்களோடும் சேராமல் சேகரிப்பாளர்களோடும் முழுதாக ஒட்டாமல், அமெரிக்க, பிரிட்டானிய நகரங்களில் தனி இனமாக வாழ்ந்து வருபவர். ரசிகருக்குப் படம் இருந்தால் போதும். சேகரிப்பாளருக்கு வாங்கிய வட்டு இருந்தால் போதும். இவருக்கோ இன்னும் வெளிவராத வட்டு ஒன்று எப்போதும் இருந்தாக வேண்டும். பெரும்பாலும் நடுவயதைத் தாண்டிய ஆணாகக் காணப்படும் இவர், வரவேற்பறையின் ஒரு சுவரை அலமாரிக்கும் எதிர்ச்சுவரைத் தொலைக்காட்சிக்கும் ஒதுக்கிவிட்டு, இரண்டுக்கும் நடுவே எஞ்சிய இடத்தைப் பெருந்தன்மையோடு குடும்பத்தாருக்கு விட்டுக்கொடுத்திருப்பார். காத்திருக்கும் படத்தை இவர் ஏற்கெனவே பலமுறை பார்த்தவர் என்பதும், கொன்றவர் யார், எந்த ஆயுதத்தால் கொன்றார், எந்தப் படிக்கட்டில் பிடிபட்டார் என்பதெல்லாம் இவருக்கு மனப்பாடம் என்பதும் புதிதாகப் பழகுவோரைத் திகைக்க வைக்கும் செய்திகள்.

முடிவு தெரிந்த மர்மப் படத்தில் எதிர்பார்க்க என்ன இருக்கிறது என்ற கேள்விக்கான விடையை ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கிடமே தேடலாம். 1962இல் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவுடன் நிகழ்த்திய நெடிய உரையாடலில் அவர் அதிர்ச்சியையும் சஸ்பென்ஸையும் பிரித்துக் காட்டினார். மேசைக்கடியில் வைத்த குண்டு, பார்வையாளர் அறியாமல் வெடித்தால் பதினைந்து விநாடி அதிர்ச்சி கிடைக்கும். குண்டு இருப்பதும் அது வெடிக்கும் நேரமும் பார்வையாளருக்கு முன்பே தெரிந்துவிட்டால் பதினைந்து நிமிட சஸ்பென்ஸ் கிடைக்கும் என்பது அவர் வகுத்த வேறுபாடு. வட்டுக்குக் காத்திருப்பவர் இந்தக் கோட்பாட்டை ஆசிரியரே எண்ணிப் பாராத எல்லைக்கு நீட்டி, பதினைந்து ஆண்டு சஸ்பென்ஸாக ஆக்கிக்கொண்டவர். படத்துக்குள் இருந்த மர்மம் தீர்ந்துபோனதால் படத்துக்கு வெளியே ஒரு மர்மத்தைக் கண்டெடுத்து, நெகட்டிவ் எங்கே கிடக்கிறது, உரிமை யார் கையில் இருக்கிறது, வெளியீட்டைத் தடுப்பது வழக்கறிஞரா வாரிசா என்று துப்பறிகிறார். படத்தில் சந்தேகத்துக்குரியவர்கள் ஐந்தாறு பேர் என்றால் இவருடைய வழக்கில் ஒரு ஸ்டூடியோவின் ஊழியர் அனைவரும் சந்தேகத்துக்குரியவர்களே.

உயர்தெளிவு வட்டு என்னும்போது முதன்மையாகக் கொள்ள வேண்டியது ப்ளூ-ரே வட்டை. டிவிடியைப் படிக்கும் சிவப்பு லேசரின் அலைநீளம் 650 நானோமீட்டர். ப்ளூ-ரேயைப் படிக்கும் நீலஊதா லேசருக்கு அது 405 நானோமீட்டர். அலைநீளம் குறையும்போது ஒளிப்புள்ளியும் சிறுத்து, அதே அகலமுள்ள வட்டில் தகவலை நெருக்கி எழுத முடிவதால், ஓரடுக்கு டிவிடி 4.7 ஜிகாபைட் கொள்ளும் இடத்தில் ஓரடுக்கு ப்ளூ-ரே 25 ஜிகாபைட் கொள்கிறது. அமெரிக்க டிவிடியின் படச்சட்டம் 720×480 புள்ளிகளாலும் ப்ளூ-ரேயின் படச்சட்டம் 1920×1080 புள்ளிகளாலும் ஆனது. அதாவது புள்ளிகள் சரியாக ஆறு மடங்காயின. காத்திருப்பவரின் மனநிறைவு அதே விகிதத்தில் குறையும் என்பதைப் பொறியாளர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மங்கலான வீடியோ நாடாவில் எதையும் மன்னித்து வந்தவர், தெளிவான வட்டு வந்தபின் எதையும் மன்னிக்காதவராக மாறினார்.

2006இல் ப்ளூ-ரேயும் அதன் போட்டியான எச்டி டிவிடியும் சந்தைக்கு வந்தபோது, எது வெல்லும் என்று தெரியட்டும் எனக் காத்திருந்தார். 2008 பிப்ரவரியில் தோஷிபா நிறுவனம் எச்டி டிவிடியைக் கைவிட்டதும் கருவியின் விலை இறங்கக் காத்திருந்தார். விலை இறங்கியதும் வேண்டிய படங்கள் வரக் காத்திருந்தார். அவை ஒவ்வொன்றாக வந்து அலமாரி நிறையத் தொடங்கிய வேளையில், 2016இல், மேலும் நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே வட்டு வந்து சேர்ந்ததால், முதல் படத்திலிருந்து மறுபடியும் காத்திருக்கத் தொடங்கினார். 1960இல் வெளிவந்த 'சைக்கோ' 2010இல் ப்ளூ-ரேயாகவும் 2020இல் 4கே வட்டாகவும் வந்தது. நாடா, லேசர் டிஸ்க், டிவிடி ஆகிய முந்தைய பிறவிகளையும் சேர்த்தால், ஒரே குளியலறைக் கொலைக்கு ஐந்து முறை பணம் கட்டியவர்கள் இந்த இனத்தில் அரியவர்கள் அல்லர்.

வட்டு ஏன் வரவில்லை என்பதற்கு இவர் தரும் விளக்கங்கள் படத்தின் கதையைவிடச் சிக்கலானவை, பெரும்பாலும் உண்மையானவையும்கூட. 'ரியர் விண்டோ', 'வெர்டிகோ', 'ரோப்', 'த டிரபிள் வித் ஹாரி', 1956இல் வெளிவந்த 'த மேன் ஹூ நியூ டூ மச்' ஆகிய ஐந்தும் உரிமைக் காரணங்களால் பல ஆண்டுகள் புழக்கத்தில் இல்லாமல் கிடந்து, 1980இல் ஹிட்ச்காக் மறைந்த பின்னரே, 1983 தொடங்கித் திரைக்கு மீண்டதை எடுத்துக்காட்டி, காத்திருத்தல் தம்மோடு தொடங்கிய நோயன்று, தொன்மையான மரபு என்பார். வில்லியம் ஃப்ரீட்கின் இயக்கி 1977இல் வெளிவந்த 'சார்சரர்' இவருக்குப் பிடித்தமான மற்றொரு வழக்கு. யுனிவர்சல், பாரமவுண்ட் என இரு பெரும் ஸ்டூடியோக்கள் கூட்டாக எடுத்த அந்தப் படத்தின் உரிமை யாருக்கு என்பதைத் தெளிவுபடுத்த இயக்குநரே நீதிமன்றம் ஏற வேண்டியதாயிற்று; இறுதியில் 2014இல் அதை ப்ளூ-ரேயாக வெளியிட்டது அவ்விரண்டும் அல்லாத வார்னர் நிறுவனம். எந்த மர்மக் கதை ஆசிரியரும் துணியாத இந்த முடிவை இவர் சொல்லும்போது குரல் தழுதழுக்கும்.

உரிமையாளர் இருவரானால் மட்டுமே வட்டு வராது என்று இதிலிருந்து முடிவுகட்டுவோரை இவர் உடனே 'ஷராட்' படத்தைக் காட்டித் திருத்துவார். 1963இல் வெளியான அந்தப் படத்தின் எழுத்துப் பட்டியலில், அன்றைய அமெரிக்கச் சட்டம் வேண்டிய பதிப்புரிமை அறிவிப்பு முறையாக இடம்பெறாததால், படம் அப்போதே பொதுச்சொத்தாகிவிட்டது. எவரும் வெளியிடலாம் என்ற நிலையில் எவரெவரோ தேய்ந்த பிரிண்டுகளிலிருந்து மலிவான டிவிடிகளை அச்சடித்துத் தள்ளினர். நாயகி ஆட்ரி ஹெப்பர்னின் முகத்தை ஆவி படிந்த கண்ணாடி வழியே பார்ப்பதுபோலப் பார்க்க நேர்ந்தது. ஆகவே உரிமையாளர் பலரானால் வட்டு வராது, ஒருவரும் இல்லையென்றால் நல்ல வட்டு வராது, ஒரே ஒருவராக இருந்தால் அவருக்குத் தம்மிடம் அந்தப் படம் இருப்பதே நினைவிராது என்பது இவர் கண்டறிந்த பொதுவிதி.

இத்தகைய சூழலில் நிமித்தம் பார்ப்பது இவருடைய அன்றாடக் கடமைகளில் ஒன்றாகிறது. நியூயார்க்கிலுள்ள க்ரைட்டீரியன் நிறுவனம் மாதத்தின் நடுப்பகுதியில், ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து வரவிருக்கும் வட்டுகளை அறிவிப்பது வழக்கம் என்பதால், அந்நாள் நெருங்கும்போது இவருக்கு உணவு செல்லாது. புத்தாண்டை ஒட்டி அதே நிறுவனம் வெளியிடும் கோட்டுச் சித்திரத்தில் அவ்வாண்டுப் படங்களுக்கான குறிப்புகள் ஒளிந்திருக்கும். அதில் பறவை ஒன்று தென்பட்டால், அது ஹிட்ச்காக்கின் பறவைக் கூட்டத்தைச் சேர்ந்ததா, 'மால்டீஸ் ஃபால்கன்' படத்துப் பருந்துச் சிலையா, வெறும் காக்கையா என்ற ஆராய்ச்சி பொங்கல் தாண்டியும் நீளக்கூடியது. சங்க இலக்கியத்தின் முல்லைத்திணையிலும் ஆற்றியிருத்தல் உண்டென்றாலும், அங்கே தலைவன் கார்காலம் என்று கெடு வைத்துச் சென்றிருப்பான். வட்டு நிறுவனமோ 'விரைவில்' என்ற ஒற்றைச் சொல்லோடு போய்விடும். இது கார்மழையன்று, காலமல்லாக் காலத்து மழை என்று தேற்றுவதற்குத் தலைவிக்குத் தோழி இருந்தாள்; இவருடைய தோழரோ அதே வட்டுக்காக இவரைவிட மோசமாக மெலிந்துகொண்டிருப்பவர்.

இவ்வளவுக்கும் பிறகு வட்டு வந்தே விடுகிறது என்று வைத்துக்கொண்டால், இவருடைய துன்பத்தின் இரண்டாம் பாகம் தொடங்குகிறது. முதலில் கிரெய்ன் எனப்படும் துகளமைப்பைச் சோதிப்பார். பிலிம் சுருளின் மேற்பூச்சில் ஒளிபட்டு உருவாகும் நுண்துகள்களின் தடமே கிரெய்ன். அது பழுதன்று, படத்தின் உடலே அதனால் ஆனது. ஆனால் சில நிறுவனங்கள் பழைய படத்தைப் புதிது போலக் காட்ட, இரைச்சல் நீக்கும் மென்பொருளால் அதைத் தேய்த்து அழிக்கும்போது, தோலின் வரிகளும் உடன் அழிந்து நடிகர்கள் மெழுகுப் பொம்மைகளாகிவிடுவர். கொலையுண்டவர் மெழுகாவதை இவர் ஒருவேளை பொறுத்துக்கொள்வார். விசாரிக்க வந்த காவல் அதிகாரியும் மெழுகாயிருப்பதைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

துகள் சரியாக இருந்தால் நிறம் பிழையாக இருக்கும். 1971இல் வந்த 'த ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன்' படத்தை 2009இல் ப்ளூ-ரேயாக்கியபோது அதன் இயக்குநர் ஃப்ரீட்கினே நிறங்களை வெளுக்கச் செய்தார். படத்தின் ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். படைத்தவர்களே இரு தரப்பாகப் பிரிந்தபோது காத்திருப்பவர் யார் பக்கம் நிற்பது என்று திகைக்கவில்லை. இருவரையும்விடப் படத்தை நன்கு அறிந்தவர் தாமே என்ற நிலையில் உறுதியாக நின்றார்.

நிறமும் சரியாக இருந்தால் படச்சட்டத்தின் அகல உயர விகிதம் எஞ்சியிருக்கிறது. ஆர்சன் வெல்ஸின் 1958ஆம் ஆண்டுப் படமான 'டச் ஆஃப் ஈவில்' 1.85 என்ற அகன்ற வடிவில் காட்டப்பட வேண்டியதா, 1.37 என்ற சதுரத்துக்கு நெருங்கிய வடிவில் காட்டப்பட வேண்டியதா என்ற வழக்கு தீராமலே போனதால், 2011இல் பிரிட்டனில் வெளிவந்த பதிப்பு இரண்டு வடிவத்தையும் உள்ளே வைத்தது. ஸ்டூடியோ திருத்திய படத்தைக் கண்டு வெல்ஸ் எழுதிய 58 பக்கக் குறிப்பைப் பின்பற்றி 1998இல் வால்டர் மர்ச் மறுதொகுப்புச் செய்ததையும் கணக்கில் கொண்டால், ஒரே கொலையை எத்தனை விதமாகப் பார்க்கலாம் என்ற வாய்ப்பு இவரைக் களிப்பில் ஆழ்த்த வேண்டும். இவர் ஆழ்ந்ததோ எந்த வடிவத்தை முதலில் பார்ப்பது என்ற குழப்பத்தில். ஒலியும் தப்பவில்லை. 1996இல் 'வெர்டிகோ' மீட்டெடுக்கப்பட்டபோது காலடியோசையும் துப்பாக்கியோசையும் புதிதாகப் பதிவு செய்யப்பட்டன என்பதற்காக, அறை முழுவதும் ஒலிபெருக்கிகளை நிறுத்தி வைத்திருக்கும் இவர், பழைய ஒற்றைத்தட ஒலியே வேண்டும் என்று வாதாடுவார்.

இவரோடு அமர்ந்து படம் பார்க்க வாய்த்த விருந்தினரின் நிலை தனியே ஆராயத்தக்கது. விருந்தினர் அந்தப் படத்தை முதன்முறையாகப் பார்ப்பவர், மாடிப்படியில் நிழல் விழுந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "அங்கே நிற்பது யார்?" என்று கேட்பார். இவர் படத்தை நிறுத்தி, "அதை விடுங்கள், பின்னாலுள்ள சுவர்த்தாளின் பூ வேலையைப் பாருங்கள், டிவிடியில் அது வெறும் கறை" என்று பரவசப்படுவார். சற்று நேரம் சென்றதும் மறுபடியும் நிறுத்தி, "கொலையாளி போட்டிருக்கும் கோட்டின் இழை தனித்தனியாகத் தெரிகிறதே, கவனித்தீர்களா?" என்பார். கோட்டு அணிந்திருப்பவர் அதுவரை எவராலும் சந்தேகிக்கப்படாத குடும்ப மருத்துவராக இருப்பார். விருந்தினர் அதன்பின் கேள்வி எதுவும் கேட்பதில்லை.

வெளிவராத வட்டைவிட இவரை அதிகம் வதைப்பது வெளிவந்து மறைந்த வட்டு. 'த தர்ட் மேன்' படத்தை க்ரைட்டீரியன் 2008 டிசம்பரில் ப்ளூ-ரேயாக வெளியிட்டது. உரிமை கைமாறியதால் 2010இல் அந்தப் பதிப்பு நின்றுபோக, விலை குறையட்டும் என்று பொறுத்திருந்தவர்கள் பன்மடங்கு கொடுத்து வாங்கினர். ட்வைலைட் டைம் என்ற நிறுவனம் பல படங்களை 3000 பிரதிகளோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கத்தைக் கொண்டிருந்தது. பொறுமையே தொழிலாகக் கொண்டவருக்கு அவசரத்தைக் கற்பித்த அந்த நிறுவனமும் 2020இல் மூடப்பட்டது. இவற்றோடு மண்டலக் குறியீடு என்ற வேலியும் உண்டு: ப்ளூ-ரேயில் உலகம் ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டு, அமெரிக்கா ஏயிலும் பிரிட்டன் பியிலும் இந்தியா சியிலும் வைக்கப்பட்டுள்ளதால், ஒரு மண்டலத்துக்கென்று பூட்டப்பட்ட வட்டு மற்றொரு மண்டலத்துக் கருவியில் ஓடாது. தமக்கு வேண்டிய படம் எப்போதும் அடுத்த மண்டலத்தில்தான் வெளிவரும் என்பதை இவர் அனுபவத்தால் அறிந்து, பூட்டை மதிக்காத கருவி ஒன்றை வாங்கி வைத்திருப்பார்; மர்மப் பட ரசனை இவரைக் கொண்டுசேர்த்த குற்றங்களில் மிகக் கொடியது இதுவே.

இவரை எளிதில் நகைத்துத் தள்ளிவிட இயலாதபடி தடுப்பது, இவருடைய முறையீடுகள் சில வேளைகளில் பலித்துவிடுவது. பலத்த எதிர்ப்புக்குள்ளான 'த ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன்' 2012இல் நிறைவான நிறங்களோடு மீண்டும் வெளிவந்தது. 'சைக்கோ'வின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பில், பழைய பிரதிகளில் வெட்டுண்டிருந்த சில விநாடிகள் திரும்பவும் சேர்க்கப்பட்டன. ஆப்போ 2018இலும் சாம்சங் 2019இலும் புதிய வட்டுக் கருவிகள் செய்வதிலிருந்து விலகிய பின்பும், விற்பனை சில ஆயிரத்தைத் தாண்டாத படங்களுக்காக நெகட்டிவைத் தேடியெடுத்துத் தூசி தட்டி ஒவ்வொரு சட்டமாக ஸ்கேன் செய்ய நிறுவனங்கள் முன்வருவதற்கு, குறை சொல்லிக்கொண்டே தவறாமல் வாங்கும் இந்தக் கூட்டமும் ஒரு காரணம். அவ்வாறு செப்பனிடப்பட்ட படமே பின்னர் இணைய ஒளிபரப்புக்கும் செல்கிறது. வட்டு வாங்குவோரைப் பார்த்துச் சிரிக்கும் பக்கத்து வீட்டுக்காரர் சோபாவில் சாய்ந்தபடி அதைப் பார்த்து, பழைய படம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று வியந்து பாராட்டுவார். தம்மால் விளைந்த நன்மை இது என்று எடுத்துச் சொன்னால் காத்திருப்பவர் மகிழ்வார் என்று எண்ணுவது அவரை அறியாதவர் எண்ணம். அந்த ஒளிபரப்பில் தகவலைச் சுருக்கி அனுப்புவதால் இருண்ட காட்சிகள் கட்டம் கட்டமாகச் சிதைகின்றன என்றும், அதனால் பக்கத்து வீட்டுக்காரர் படத்தைப் பார்த்ததாகவே கொள்ள முடியாது என்றும், அவரும் வட்டு வரும்வரை பொறுத்திருந்திருக்க வேண்டும் என்றும் சொல்வார்.