ஏறுமுகமும் இல்லை, இறங்குமுகமும் இல்லை

பங்கு விலை ஏறுமா, இறங்குமா என்று கேட்டால் டீக்கடைக்காரர் முதல் நிதியமைச்சர் வரை எவரிடமும் பதில் உண்டு. 1900 மார்ச் 29 அன்று, பாரிஸ் சோர்போனில் டாக்டர் பட்டத்துக்காக நின்ற லூயி பஷ்லியே மட்டும் 'இரண்டும் இல்லை' என்றார்.

பாரிஸ் சந்தையில் அப்போது 'ரான்த்' என்ற அரசுக் கடன் பத்திரத்துக்கு ஏக கிராக்கி. 3 சதவீத வட்டி காலாகாலத்துக்கும் வரும். அசலைப் பற்றி மட்டும் பேசக்கூடாது. ஏறும் என்று நம்பி ஒருவர் அதை வாங்குகிறார். இறங்கும் என்று நம்பி அதே நொடியில், அதே விலைக்கு இன்னொருவர் விற்கிறார். இருவரில் யாருக்குக் கிறுக்கு என்று கணிதம் சொல்லாது. ஆகவே ஊக வணிகரின் லாப எதிர்பார்ப்பு சைபர் என்று எழுதினார் பஷ்லியே. விலை எந்தப் பக்கம் போகும் என்பதைக் கைகழுவிவிட்டு, எவ்வளவு சிதறும் என்று மட்டும் கணக்குப் போட்டார். வந்து நின்றது, வெப்பம் பரவுவதற்கு ஃபூரியே எழுதிய அதே சமன்பாடு!

மேற்பார்வையிட்டவர் கணித மேதை புவான்கரே. பாராட்டத்தான் செய்தார். கூடவே, நம் மாணவர்கள் வழக்கமாகத் தொடும் விஷயத்துக்கு இது சற்றுத் தூரம் என்றும் ஒரு வரி சேர்த்தார். விளைவு: 'கௌரவம்' என்ற தரம். 'மிக்க கௌரவம்' கிடைத்திருந்தால் வேலை கிடைத்திருக்கலாம். 1926-ல் டிஜோன் பல்கலைக்கழகத்தில் வரவிருந்த பதவியும் போல் லெவி என்ற பெரிய கணித மனிதர் இல்லாத பிழையைக் கண்டுபிடித்ததால் போயிற்று. லெவி பிற்பாடு வருத்தம் தெரிவித்தார். வருத்தத்துக்குச் சம்பளம் கிடையாதே.

1950-களில் புள்ளியியல்காரர் லெனர்ட் சாவேஜ், பஷ்லியே என்ற மனிதரைத் தெரியுமா என்று நண்பர்களுக்குக் கார்டு போட்டு விசாரித்தார். ஒரு கார்டு பொருளாதார அறிஞர் பால் சாமுவேல்சன் கைக்குப் போனது. அவர் பஷ்லியேவின் ஆய்வேட்டைப் படித்தார், வியந்தார், உடனே குறை கண்டார். இந்தக் கணக்கில் விலை சைபருக்குக் கீழேயும் போகுமே, அது என்ன கூத்து? லாபமே எதிர்பார்க்காமல் எந்த மடையன் பங்கு வாங்குவான்? இரண்டாவது கேள்வி நியாயமானதுதான். எனவே விலையைச் சதவீதக் கணக்கில் சிதறவிட்டு, எதிர்பார்க்கும் வளர்ச்சி விகிதம் ஒன்றையும் செருகினார். 1965-ல் அவர் வாரன்டுக்கு, அதாவது குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமைக்கு, கொடுத்த விலைச் சூத்திரத்துக்குப் பங்கின் வளர்ச்சி ஒன்று, வாரன்டின் வளர்ச்சி ஒன்று என இரண்டு எண்கள் வேண்டும். எங்கிருந்து கொண்டுவருவது? அது வாசகர் பாடு.

1969-ல் ஃபிஷர் பிளாக் என்பவர் அதே வாரன்ட் விலைக்கு ஒரு சமன்பாடு போட்டுப் பார்த்தார். அதில் பங்கின் எதிர்பார்ப்பு வளர்ச்சியைக் காணோம்! விற்ற ஆப்ஷனுக்கு (வாரன்ட் போன்ற உரிமைக்கு) எதிராகச் சரியான அளவு பங்கை வைத்துக்கொண்டு, விலை நகர நகர அந்த அளவையும் மாற்றிக்கொண்டே இருந்தால், ஏறினாலும் இறங்கினாலும் லாபமும் நஷ்டமும் ஒன்றையொன்று தின்றுவிடும். மிஞ்சுவது வெறும் வட்டி. ஏறும் என்பவரும் இறங்கும் என்பவரும் ஒரே ஆப்ஷன் விலைக்குத் தலையாட்டலாம். கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய பிளாக்குக்கு, தன் கையில் இருப்பது வெப்பச் சமன்பாடுதான் என்பது தெரியவில்லை. பொருளாதார அறிஞர் மைரன் ஷோல்ஸோடு சேர்ந்துதான் விடை கண்டார். ஆய்விதழ் முதலில் திருப்பி அனுப்பியது. சிகாகோ பேராசிரியர்கள் சிபாரிசு செய்தபின் 1973-ல் அச்சிட்டது.

2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. எண்ணெயை எடுத்துக்கொண்டு போனால் கையில் காசும் தருகிறேன் என்ற நிலை. மைனஸ் எண்ணுக்கு மடக்கை எடுக்க வழியில்லாமல் நவீன சூத்திரங்கள் திருதிருவென விழித்தன. இரண்டே நாளில் சிகாகோ எக்ஸ்சேஞ்ச், எண்ணெய் ஆப்ஷன்களுக்குப் பஷ்லியே மாடல்தான் என்று மாறிக்கொண்டது.