மீண்டும் காரியதரிசி

சர்க்கார் உத்தியோகஸ்தன் அரசியலில் தலையிடலாகாது என்பது 1964-ஆம் வருஷத்து மத்திய சிவில் சர்வீஸ் நடத்தை விதிகளில் ஐந்தாவது விதி. அவன் கட்சியில் சேரக் கூடாது, கட்சிக்குப் பணம் கொடுக்கக் கூடாது, தேர்தலில் நிற்கக் கூடாது, நிற்கிறவருக்காக வாயைத் திறக்கவும் கூடாது; வோட்டுப் போடலாம், ஆனால் யாருக்குப் போடப் போகிறான் என்பதையோ யாருக்குப் போட்டான் என்பதையோ ஜாடையாகக்கூட வெளிக்காட்டக் கூடாது. இவ்விதியை எழுதிய மகானுபாவர் எந்தத் தேசத்தில் பிறந்து எந்தப் பாஷையில் பேசினாரோ தெரியாது. திண்டுக்கல்லில் தபாலாபீஸ் குமாஸ்தாவாக ஒரு தேர்தல் காலத்தைக் கழித்தவரல்லர் என்பது மட்டும் நிச்சயம்.

1973-ஆம் வருஷம் மே மாதம், அக்கினி நட்சத்திரத்தோடு போட்டி போட்டுக்கொண்டு, திண்டுக்கல் பாராளுமன்றத் தொகுதியின் இடைத்தேர்தல் வந்து சேர்ந்தது. பிறந்து ஏழு மாதமே ஆகியிருந்த அண்ணா தி.மு.க., மாயத்தேவரை நிறுத்தி, இரட்டை இலையைச் சுவர்தோறும் துளிர்க்க வைத்து, ஸ்தாபன காங்கிரஸை இரண்டாம் இடத்திலும் ஆளுங்கட்சியான தி.மு.க.வை மூன்றாம் இடத்திலும் உட்கார வைத்துவிட்டு ஜயித்த கதை உலகறிந்தது. மணிக்கூண்டிலிருந்து நாகல் நகர் வரையில் ஒலிபெருக்கி கட்டாத கம்பமில்லை. மலைக்கோட்டைப் பாறையே கட்சி மாறி மாறிக் கோஷத்தைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. அத்தனை அமளியிலும் நாங்கள் மட்டும் கம்பி வலைக்குப் பின்னால் நிர்விகார சமாதியில் அமர்ந்து, "யாரு சாமி ஜெயிப்பாக?" என்று ஆவலோடு கேட்ட கிழவிக்கு, "கார்டா, கவரா ஆத்தா?" என்று விடையளித்துக் கொண்டிருந்தோம்.

அப்படி அடக்கி வைத்த தாபம் எங்கே போகும்? குமாஸ்தாவுக்கு விதி விலக்கி விட்டிருக்கிற தேர்தல் ஒன்றே ஒன்றுதான், அது சங்கத் தேர்தல். தேசத்தின் எதிர்காலம் குறித்து அவன் பேசாமல் விழுங்கிய வார்த்தைகள் அனைத்தும் கிளைச் சங்கத்தின் காரியதரிசிப் பதவியை முன்னிட்டு வெளியே வந்துவிடுகின்றன. அந்த வருஷம் எங்கள் கிளைக்குத் தேர்தல் வந்தபோது, இடைத்தேர்தல் சூடு ஆறாத ஊரிலே நான் இரண்டாம் தடவையாக அப்பதவிக்கு நின்றேன்.

காரியதரிசிக்குச் சம்பளம் கிடையாது. கிடைப்பதெல்லாம் வேலை முடிந்த பிறகு ஆரம்பமாகும் வேலை. தனியொருவராக ஓர் ஆபீஸைக் கட்டிக்கொண்டு அழும் சப்-போஸ்ட்மாஸ்டருக்கு மகள் கலியாணத்துக்கு லீவு வேண்டும்; மாற்று ஆள் இல்லை. ஆபீஸோடு ஒட்டிய குவார்ட்டர்ஸ் ஒழுகுகிறது. சேமிப்பு வங்கி லெட்ஜர் நனையாத மூலையில் குழந்தைகள் படுத்துக்கொள்கின்றன. ஓ.டி. பில் மூன்று மாதமாக யாரோ ஒருவருடைய மேஜையில் நித்திரை செய்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக ரூல் 38. சொந்த விருப்பத்தின் பேரில் வேறு யூனிட்டுக்கு மாறிப் போகிறவன் தன் சீனியாரிட்டியை இழந்து, அங்கே போய்க் கடைக்குட்டியாக நிற்க வேண்டும் என்பது அந்த ரூல். சீனியாரிட்டியும் போகக் கூடாது, ஊரும் கிடைக்க வேண்டும் என்பது அங்கத்தினர்களின் நியாயமான கோரிக்கை. இவ்வளவையும் சுமந்துகொண்டு மேலதிகாரியிடம் பேட்டிக்குப் போனால், சாயா வரும், உபசாரம் வரும், சில நாள் கழித்து 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதிலும் வரும்.

இத்தகைய பதவிக்கு மறுபடி ஏன் நின்றாய் என்று கேட்டால், வேட்பாளர் அனைவரும் சொல்கிற அதே பதிலைத்தான் நானும் சொன்னேன்: நண்பர்களின் நிர்ப்பந்தம். "அந்த நண்பர்கள் பேரைக் கொஞ்சம் சொல்லுங்களேன், வீட்டுக்கு வந்தால் காப்பி கொடுக்க வேண்டாமென்று பார்க்கிறேன்" என்றாள் என் மனைவி. அப்போது யார் பெயரும் சட்டென்று ஞாபகத்துக்கு வரவில்லை.

எதிர்த்து நின்றவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். நல்ல குரல், சுருட்டை மயிர், கையிலே முத்திரை மோதிரம். தபால்-தந்தி ஊழியர் சம்மேளனம் 1954-ல் உருவானது முதல் நிகழ்ந்த போராட்டங்களையெல்லாம் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். 1960 ஜூலையில் மத்திய சர்க்கார் ஊழியர்கள் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அதைப் பற்றி அவர் பேசும்போது கேட்பவர் கண்ணில் நீர் துளிர்க்கும். அந்த ஜூலையில் அவர் எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பில் இருந்தார் என்பது துளிர்த்த பிறகுதான் நினைவுக்கு வரும். 1968 செப்டம்பர் 19-ஆந் தேதி ஒருநாள் வேலைநிறுத்தத்தில் அவர் கலந்துகொண்டது மெய்தான். ஆனால் அதில் கலந்துகொள்ளாதவர் என்று எங்கள் கிளையில் ஒருவர்கூட இல்லையென்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு ஆபீஸைத் திறந்து ஸ்டாம்பு விற்றவர்கள் யாரென்பது இன்றளவும் மர்மமே.

தபால்காரர்களின் தேர்தல் ராசியைப் பற்றி நான் அக்காலத்தில் சற்று ஆராய்ந்ததுண்டு. அமெரிக்காவில் ஆபிரகாம் லிங்கன் 1833-ல் நியூசேலம் என்ற சிற்றூரின் போஸ்ட்மாஸ்டரானவர்; கடிதங்களைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு போய்ப் பட்டுவாடா செய்வாராம். மறு வருஷமே சட்டசபைக்கு ஜயித்தார். இங்கிலாந்தில் அந்தோணி டிராலப் என்ற நாவலாசிரியர், முப்பது வருஷங்களுக்கு மேல் தபாலிலாகாவில் உழைத்து, ராஜினாமா செய்து, 1868-ல் பெவர்லி தொகுதியில் நின்று, நால்வரில் நான்காமவராக வந்தார். இரண்டையும் சீர்தூக்கியதில், பதவியில் இருந்துகொண்டே நிற்பதுதான் க்ஷேமம் என்று புலப்பட்டது. என் நிலையும் அதுவே ஆகையால் தைரியம் பிறந்தது.

எதிர்வேட்பாளரோ நவீன முறைகளில் நம்பிக்கையுள்ளவர். வழவழப்பான காகிதத்தில் விக்ஞாபனம் ஒன்று அச்சிட்டு, உறையை ஒட்டாமல், எல்லா அங்கத்தினருக்கும் புக் போஸ்டில் அனுப்பினார். அதோடு நின்றிருக்கலாம். அன்பு மிகுதியால் ஒவ்வொன்றின் அடியிலும், 'அண்ணி சௌக்கியமா? என்னை மறந்துவிடாதீர்கள்' என்று தம் கையாலேயே எழுதிவிட்டார். அக்கால விதிப்படி, புக் போஸ்டில் சொந்த சமாசாரம் எழுதினால் அது புத்தகமல்ல, கடிதம். கடிதத்துக்கு உரிய ஸ்டாம்பு இல்லையேல் குறைவைப்போல் இரு மடங்கு வசூலிக்க வேண்டும். இதைச் சாமானிய ஜனங்கள் அறியமாட்டார்கள். துரதிருஷ்டவசமாக, அவருடைய வாக்காளரில் சாமானிய ஜனம் ஒருவருமில்லை. ஓர் உப ஆபீஸில், அவருக்கென்றே உயிரை விடத் தயாராயிருந்த ஆதரவாளரே, தம் பெயருக்கு வந்த உறையைப் பிரித்துப் பார்த்துப் பரவசப்பட்டு, உடனே கடமையுணர்வு மேலிட, அதற்குப் பேரிங் போட்டுத் தம்மிடமே காசை வசூலித்துக் கணக்கில் சேர்த்தார். அவ்வளவு தூரம் தர்மாத்மாக்களல்லாத மற்றவர்கள் உறையை வாங்க மறுத்துத் திருப்பினார்கள். திரும்பியவற்றுக்கெல்லாம் அனுப்பியவரே காசு கட்டினார். உறை ஒன்றின்மீதாவது பின்கோடு இல்லை என்பதையும் சிலர் கவனித்தார்கள். பின்கோடு வந்து அப்போது ஒரு வருஷமாகியிருந்தது. 624001 என்று எழுதும்படி ஊருக்கெல்லாம் நாங்கள்தான் உபதேசித்துக் கொண்டிருந்தோம்.

நான் பழைய முறையில் பஸ் ஏறிப் புறப்பட்டேன். வேடசந்தூரில் புகையிலை நெடி, ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மூட்டை, நிலக்கோட்டையில் மல்லிகை என்று ஊருக்கொரு வாசனை. உபசாரம் மட்டும் எங்கும் ஒன்றே. "வாங்கண்ணே, இலையில உக்காருங்க, மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்பார்கள். வோட்டைப் பற்றிய பேச்சை எடுத்தவுடனே நடத்தை விதி ஐந்து அவர்கள் முகத்தில் வந்து குந்திக்கொள்ளும். யாருக்குப் போடுவார்கள் என்று ஒரு சுருக்கத்தைக்கூட அந்த முகத்தில் படிக்க முடியாது. பலநாள் அனுபவத்தில் நான் கண்டறிந்த சூத்திரம், சாப்பாடு எவ்வளவுக்கெவ்வளவு பலமோ வோட்டு அவ்வளவுக்கவ்வளவு சந்தேகம் என்பது. வட்டார வழக்கப்படி கறிக்குழம்பு வைத்த வீட்டில் நம்பிக்கையை இழந்தேன். வெறும் மோரும் முறைப்பும் கிடைத்த வீட்டில் தெம்படைந்தேன். உரிமை உள்ளவன்தானே முறைப்பான்?

எல்லாருக்கும் பழனிதான் வேண்டியிருந்தது. பழனி ஆபீஸில் ஒரு நாற்காலி காலியாகப் போகிறது என்ற வதந்தி உலவியது. அதற்கு நான்கு பேர் தனித்தனியே, பரம ரகசியமாக, முருகன் மேல் பாரத்தைப் போட்டு என்னிடம் மனுக் கொடுத்தார்கள். நான் எவருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. எதிர்வேட்பாளர் நால்வருக்கும் கொடுத்தார். அவருடைய தாராளத்தைக் கண்டு சற்றுப் பயந்திருந்தேன். ஆனால் நால்வரும் ஒரே பஸ்ஸில் திண்டுக்கல் வந்து, வழியிலே பேச்சுக் கொடுத்துக்கொண்டதில், ரகசியம் கன்னிவாடியைத் தாண்டுவதற்குள் வெளியாகிவிட்டது.

வோட்டுப்பெட்டிக்குப் பூட்டு எங்கே வாங்குவது என்ற பிரச்னை திண்டுக்கல்லில் எழ நியாயமில்லை. ஆயினும் எங்களவர்களுக்குப் பூட்டில் விசுவாசமில்லை. ஆயுள் முழுதும் சாக்குப் பையையும் சணல் கயிற்றையும் அரக்கையும் நம்பிப் பிழைத்தவர்கள், சீல் இல்லாத எதையும் திறந்து கிடப்பதாகவே கருதுவார்கள். இலாகாவின் மெயில் பையைச் சங்கத்துக்கு உபயோகித்தால் குற்றம். ஆகவே யார் வீட்டுக் கலியாணத்திலோ கிடைத்த மஞ்சள் பை ஒன்றைக் கொணர்ந்து, சீட்டுகளைப் போட்டு, வாயைக் கட்டி, அரக்கை உருக்கினார்கள். முத்திரைக்கு? ஆபீஸ் சீலைத் தொடக் கூடாது. பொருளாளர் ஐம்பது பைசா நாணயத்தை எடுத்தார். "நில்லுங்க தோழர்! இன்ஷ்யூர் தபாலுக்கு நாணய முத்திரை செல்லாதுன்னு கைடுல இருக்கு" என்று ஒரு முதியவர் எழுந்தார். அரை மணி விவாதம் நடந்தது. முடிவில், சபையில் தனி அடையாளமுள்ள முத்திரை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எதிர்வேட்பாளரின் விரலில் இருந்தது. என் வெற்றியோ தோல்வியோ அவருடைய மோதிரத்தின் கீழே பத்திரமாகப் பகல் சாப்பாட்டு வேளையைக் கழித்தது.

பிற்பகல் எண்ணினார்கள். பதிவான 83 சீட்டுகளில் எனக்கு 42, அவருக்கு 39. மீதி இரண்டும், போட்டவர்கள் கை வழக்கத்தினால் குறுக்கொப்பமும் தேதியும் வைத்திருந்தபடியால் செல்லாதவையாயின.

விதி ஐந்து திங்கட்கிழமை காலையில் காற்றில் பறந்தது. தலைமை ஆபீஸிலும் டெலிபோன் வழியாக வெளியூர்களிலுமிருந்து, தங்கள் வோட்டு எனக்குத்தான் என்று சத்தியம் செய்தவர்கள் மாலைக்குள் அறுபதைத் தாண்டினார்கள். எதிர்வேட்பாளரிடமும் ஏறக்குறைய அதே தொகையினர் துக்கம் விசாரித்தார்களாம். பழனி கேட்ட நால்வரில் மூவர் இருவரிடமும் வந்தார்கள்.

அவரும் அன்று மாலை வந்தார். வாழ்த்துச் சொன்னார், பிறகு விரலை நீட்டினார். மோதிரத்தின் செதுக்கலுக்குள் அரக்கு இறுகிப் போய், ஆசாரி சுத்தம் செய்ய இரண்டு ரூபாய் கேட்டிருந்தான். சங்கத்துக்காக நேர்ந்த சேதம், சங்கம்தான் தர வேண்டும் என்றார். கோரிக்கை நியாயமாகவே பட்டது. பொருளாளரைக் கேட்டேன். ரசீது இல்லாமல் தர முடியாது என்றார். ஆசாரி ரசீது கொடுப்பதில்லை என்றார் இவர். கொடுத்தாலும் எந்த இனத்தில் எழுதுவது, தேர்தல் செலவிலா, ஸ்டேஷனரியிலா என்றார் அவர். அடுத்த செயற்குழுவின் நிகழ்ச்சி நிரலில் அதை முதல் விஷயமாகச் சேர்த்துக்கொண்டு, பரிசீலனையில் இருப்பதாக அவருக்கு எழுத்து மூலம் தெரிவித்தேன்.