தென்னை மூத்ததா, கம்பி மூத்ததா?

ஏனப்புனு, தோட்டத்துக் கடவுக்கு ரெண்டு பூட்டுப் போட்டுட்டியாமா? கேபிளைப் பாக்க வந்த பையனை நாயை அவுத்துவிட்டுத் தொரத்துனியாமா? நல்ல காரியம். மூணாவது பூட்டும் ஒண்ணு வாங்கிப் போடு. வர்ற கலெக்டர் உத்தரவு பூட்டை எண்ணிப் பாத்துட்டு அப்படியே திரும்பிப் போயிரும்.

வெள்ளைக்காரன் 1885-ல எழுதுன தந்திச் சட்டம் ஒண்ணு. தந்தி 2013 ஜூலையில செத்து கருமாதியும் ஆச்சு. சட்டம் மட்டும் என்னையாட்டத் திண்ணையை உட்டு எந்திரிக்கல. உன்ற நெலத்துல கம்பம் நடலாம், பழுது பாக்க வரலாம்னது அது. நீ மறிச்சா, கலெக்டர் மாஜிஸ்திரேட்டா உக்காந்து ‘உள்ள விடு’ன்னு எழுதுவாரு. அதுக்கு மேலயும் மறிச்சா, கம்பியைத் தடுத்தவன் கம்பி எண்ணவும் வேண்டி வரலாம். 2003 மின்சாரச் சட்டம் அந்த அதிகாரத்தைக் கரண்டுக்காரனுக்கும் வாங்கிக் குடுத்துச்சு. நம்ம பக்கம் தோப்புக்குள்ள டவர் நிக்கறதெல்லாம் செத்துப்போன தந்தியோட புண்ணியம்.

ஆனா அந்தக் கெழட்டுச் சட்டத்துலயும் ஒரு நாயம் இருந்துச்சு. கம்பி போனா நெலம் கம்பிக்காரனுதாயிராது. சேதம் பண்ணுனா முழு நஷ்டஈடு. தொகை பத்தலீன்னா ஜில்லா ஜட்ஜுகிட்டப் போலாம். கம்பிக்கு முந்திப் பொறந்த மரத்தை வெட்டச் சொன்னா, மாஜிஸ்திரேட்டே அதுக்குக் காசு குடுக்கச் சொல்லோணும். பின்னாடி நட்ட மரத்துக்கு அந்தப் பேச்சே இல்ல. நீயோ கம்பி போன மறுமாசம் அதுக்கு நேர் கீழ தென்னம்புள்ள வெச்ச மகராசன்!

அப்பறம் 2023-ல தொலைத்தொடர்புக்குன்னு புதுச் சட்டம் போட்டு, 2025 ஜனவரி ஒண்ணுல இருந்து அதுக்கு விதியும் நடக்குது. மொதல்ல உன்னையக் கேட்டு ஒப்பந்தம் போடுவாங்க. தாம்பாளத் தட்டுதான் இல்ல. நீ ஆகாதுன்னாலும், பொதுநலத்துக்கு வேணும்னு அரசாங்கம் நெனச்சா வழியை எடுத்துக்கும்.

அதனால கொடுவாளை வெச்சுட்டுப் பேனாவை எடு. கேபிள்காரன் எந்தத் தடத்துல வருவான், என்னிக்கு வருவான், வெள்ளாமை மிதிபட்டா என்ன குடுப்பான்னு எழுதி வாங்கு. காய்ப்பு மரத்தையெல்லாம் போன்ல படம் புடிச்சு வெய்யி.

ஓ, உன்ற போன்ல நேத்துல இருந்து நெட்டு வரலீன்னு கம்பெனிக்காரனை வைஞ்சுக்கிட்டு இருந்தியே? கேபிள் அறுந்து கெடக்கறது உன்ற ரெண்டு பூட்டுக்கும் உள்ளாறதான் சாமி.