பேலன்ஸ் வரவேண்டியவர்

ஒருவர் ஐ.டி. வேலையை விடப்போகிறார் என்பது மேனேஜருக்குத் தெரிவதற்கு வெகு முன்பே அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தெரிந்துவிடும். பள்ளிக்கரணையில் எடுத்த பூநாரை, பெசன்ட் நகர் சூரியோதயம், பால்கனியில் சிக்கிய காக்கா, எதுவானாலும் வலது மூலையில் அவர் பெயரும் அதன் வாலில் ‘போட்டோகிராபி’யும் வளைந்த எழுத்தில் இருக்கும். அந்த எழுத்து மாதாமாதம் பெரிதாகிக்கொண்டே வரும். காக்காவை மறைக்கிற அளவுக்கு வந்துவிட்டதென்றால் ராஜினாமாக் கடிதம் போய்விட்டது என்று அர்த்தம்.

சோழிங்கநல்லூர், சிறுசேரி வட்டாரத்தில் இவர்கள் அதிகம். வயது முப்பதை ஒட்டி இருக்கும். தாடி உண்டு, இல்லாவிட்டால் நோட்டீஸ் பீரியட் முடிவதற்குள் வந்துவிடும். அந்தத் தொண்ணூறு நாளும் இவர் பார்க்கிற ஆபீஸ் வேலை, கேன்டீனில் சக ஊழியர்களைப் படம் பிடித்துக் கொடுத்து, யாருக்கு எப்போது கல்யாணம் என்று விசாரிப்பதுதான்.

வீட்டில் விஷயத்தைச் சொல்ல நம்மவர் தனியாகப் போகமாட்டார். செபாஸ்டியோ சல்காடோவைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் போவார். பிரேசிலில் பிறந்த சல்காடோ பொருளாதாரம் படித்தவர். லண்டனில் சர்வதேச காபி அமைப்பில் நல்ல உத்தியோகம். 1973-இல் அதை உதறிவிட்டுக் கேமராவைத் தூக்கினார், உலகம் கொண்டாடியது. அம்மா முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்பார்.

“அந்தக் காபிக்காரர் வேலையை விட்டப்போ அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்துச்சாடா?”

ஆகியிருந்தது. சல்காடோ கட்சி அங்கேயே டெபாசிட் இழக்கும். உடனே நம் நாட்டுப் போட்டோகிராபர் ரகு ராய் களமிறக்கப்படுவார். அவரும் சிவில் இன்ஜினியரிங் படித்தவர்தானே! அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “இன்ஜினியரிங் படிச்சுட்டு வேற வேலைக்குப் போனவங்க லிஸ்ட் எடுத்தா நம்ம தெருவே வரும்” என்பார்.

சல்காடோ 1986-இல் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் சேறும் மனிதர்களுமாக எடுத்த படங்கள் உலகப் புகழ் பெற்றவை. நம்மவருக்கும் தங்கம்தான் வாய்க்கிறது. “தம்பி, ஒட்டியாணம் தெளிவா விழுந்துச்சா?” என்று மணப்பெண்ணின் அத்தை ஸ்கிரீனை எட்டிப் பார்ப்பார். ஒரு மேனேஜரிடமிருந்து தப்பி வந்தவருக்கு மண்டபத்தில் இரண்டு வீட்டாரும் சேர்ந்து மேனேஜர்கள். பெண்ணின் பெரியப்பா ‘எல்லாரும் ஸ்டேஜுக்கு வாங்க’ என்பார், மாப்பிள்ளையின் அக்கா ‘இன்னும் எங்க சைடு வரல’ என்பார். பல்லாவரத்து மண்டபத்தில், விமான நிலையத்தை ஒட்டி ட்ரோன் பறக்கவிட அனுமதி இல்லை என்று அவர் விளக்கினால், “போன கல்யாணத்துல விட்டாங்களே” என்று பதில் வரும். இந்த வாக்கியத்துக்கு எந்தச் சட்டத்திலும் மறுமொழி கிடையாது.

இவர் எடுப்பது கேண்டிட். அதாவது யாரும் கேமராவைப் பார்க்கக் கூடாது. ‘டிரெடிஷனல்’ எடுக்க ஸ்டுடியோ அண்ணன் ஒருவர் தனியாக வந்திருப்பார். அவருக்கு எல்லாரும் கேமராவைப் பார்க்க வேண்டும். வெள்ளைச் சட்டை, இடுப்பில் பை, முப்பது வருஷ சர்வீஸ். கெட்டிமேளம் என்று குரல் கேட்டதும் நம்மவர் இரண்டு கிலோ கேமராவும் லென்ஸுமாக ஓரத்தில் பதுங்கி, பெண்ணின் கண்ணோரத்தில் ஒரு சொட்டு நீரைத் தேடிக்கொண்டிருப்பார். அதே நொடியில் ஹோமப் புகை எழும், அட்சதை பறக்கும், மாப்பிள்ளையின் சித்தப்பா தன் செல்போனோடு குறுக்கே எழுந்து நிற்பார். புகை விலகும்போது இரண்டாவது முடிச்சு விழுந்திருக்கும். அண்ணன் நாற்காலிமேல் நின்று தாலி, கை, முகம் எல்லாவற்றையும் ஒரே சட்டத்தில் முடித்திருப்பார். அப்புறம் இறங்கி வந்து சொல்வார்: “தாலி கட்டும்போது அழகைத் தேடக் கூடாது தம்பி, இடத்தைப் பிடிக்கணும்.” இத்தனை ஆன்லைன் வகுப்பிலும் யாரும் சொல்லித்தராத பாடம் அது.

இன்னொரு மாற்றமும் நடக்கும். ஜாவாவில் புரோகிராம் எழுதிக்கொண்டு, ராகுகாலமாவது குளிகையாவது என்று சிரித்தவர் இப்போது கையில் பாம்புப் பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்திருப்பார். ஆவணியில் எத்தனை வளர்பிறை முகூர்த்தம், தையில் எத்தனை ஞாயிற்றுக்கிழமையில் விழுகிறது என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். ஒரே முகூர்த்தத்துக்கு நாலு பேர் போன் செய்வார்கள். அடுத்த பதினைந்து நாள் போன் செய்வது லோன் கொடுக்கிறவர்கள் மட்டும்தான். ஆடியும் மார்கழியும் அவருக்குச் சம்பளமில்லாத விடுப்பு. அப்போதுதான் கலையைப் பற்றி நிறையப் பேசுவார்.

பணம் வரும் வழி இது: தேதி உறுதியானால் அட்வான்ஸ், கல்யாணத்தன்று கொஞ்சம், ஆல்பம் கொடுக்கும்போது பேலன்ஸ். ஆல்பம் போட வேண்டுமென்றால் எடுத்த மூவாயிரம் படங்களிலிருந்து நூற்றைம்பதைத் தம்பதி தேர்ந்தெடுத்துத் தர வேண்டும். தேனிலவிலிருந்து வந்ததும் பார்க்கிறோம் என்பார்கள். பிறகு வீடு மாறுவார்கள், அவனுக்குப் பிடித்த படத்தில் அவள் கண் மூடியிருக்கும், அவளுக்குப் பிடித்ததில் மாமியார் இருக்கமாட்டார். அடுத்த தகவல் வளைகாப்புக்கு வரும்: “அண்ணா, இதுக்கும் நீங்கதான். கல்யாண ஆல்பத்தோட சேர்த்து செட்டில் பண்ணிடலாம்.” நம்மவர் எக்ஸெல்லில் ஒரு வரி சேர்ப்பார். ஆமாம், எக்ஸெல்தான். எதை வெறுத்து வேலையை விட்டாரோ அதைத்தான் இப்போது நள்ளிரவில், சம்பளமில்லாமல், இன்னும் அதிகமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். படம் எடுக்கிற நேரம் போக மீதி எல்லாம் தேர்வு, கலர் திருத்தம், ஹார்ட் டிஸ்க், ஜி.எஸ்.டி.க் கேள்வி, வசூல்.

தனக்குப் பெண் பார்க்கும் படலம் தனி. “மாப்பிள்ளை என்ன பண்றார்?” “போட்டோகிராபர்.” “சரிங்க, வேலை?” அம்மா பழைய கம்பெனியின் பெயரை இறந்தகாலத்தில் மெதுவாகச் சொல்வார். இத்தனைக்கும் பெண் வீட்டார் அந்த வருடமே மூத்தவள் கல்யாணத்துக்குப் போட்டோகிராபருக்குக் கொடுத்த தொகையை எண்ணி எண்ணிப் புலம்பியவர்கள்தான்.

கேலி செய்ய எனக்கு இன்னும் நிறைய உண்டு. ஆனாலும் அவர் தொழில் வெறும் பகட்டு என்று சொல்லமாட்டேன். கல்யாணத்தில் யாரும் கவனிக்காத நேரத்தில், பந்தியில் பாயசத்தைப் பார்த்துச் சிரிக்கிற தாத்தாவை இவர்தான் எடுத்திருப்பார். சில வருடம் கழித்து அந்த வீட்டிலிருந்து தயக்கத்தோடு ஒரு போன் வரும்: தாத்தா படம் இருக்கா, காரியப் பத்திரிகைக்கு வேணும். எடுத்த படங்களிலேயே நல்லது அதுதான் என்று வீட்டார் அப்போது சொல்வார்கள். இவர் பழைய டிஸ்கையெல்லாம் உருட்டித் தேடி, பின்னணியைச் சுத்தம் செய்து, ராத்திரியோடு ராத்திரியாக அனுப்பிவைப்பார். எக்ஸெல்லில் அதற்கு வரி கிடையாது.

ஆகவே உங்கள் வீட்டில் விசேஷம் என்றால் ஒரு வேண்டுகோள். ரசம் மட்டும் மிஞ்சியிருக்கும் கடைசிப் பந்தி வரை அவரைக் காக்கவைக்காதீர்கள், மூன்றாம் பந்தியிலாவது ஓர் இலை போடுங்கள். அந்த நூற்றைம்பது படத்தையும் இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தேர்ந்தெடுத்துவிட்டு, பேலன்ஸை அனுப்பிவிடுங்கள்.